கால்நடை காத்த கல்விமான்: சேர் ஆணல்ட் தைலர் (1867 – 1936)

ஒரு கல்லூரி தன் விழாக்காலத்திலே பழைய மாணவரை நினைவுகூர்தல் மரபு. நீதியரசராயும் வைத்தியராயும் பொறியியலாளராயும் நிருவாகத் தலைவராயும் விளங்கியோர் பெயர்களை நாம் பெருமையோடு எடுத்தோதுகின்றோம். ஆயின், ஆடு மாடுகளின் பிணி தீர்க்கப் புறப்பட்ட ஒருவரை அவ்வரிசையின் முன்னணியில் வைக்க நம்முள் எத்தனை பேர் முன்வருவர்? மிருக வைத்தியம் கற்கப் போகின்றேன் என்று மாணவன் ஒருவன் வீட்டிற் சொன்னால், மனித வைத்தியத்துக்குப் புள்ளிகள் போதவில்லையோ என்னும் வினாவே பல வீடுகளில் முதலில் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த வாழ்க்கை ஒன்றினை இங்கே சுருக்கி உரைக்க விழைகின்றேன். அவ்வாழ்க்கைக்குரியவர் நம் கல்லூரியிற் கற்றவரல்லர், நம் நாட்டவருமல்லர். எனினும், கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவன் ஒருவன் மிருக வைத்தியனாவது எவ்வாறு என்பதை அறிய விரும்புவார்க்கு அவர் வரலாற்றிலும் சிறந்த பாடம் பிறிதொன்றை யான் அறியேன்.

தமிழிலே மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். பழந்தமிழர் ஆநிரையைப் பொருளாகவே எண்ணினர் என்பதற்கு இச்சொல்லே சான்று. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் ஆநிரையைக் குறிக்கும் சொல்லினின்றே பிறந்தது. ஆகவே ஆநிரையைக் காத்தல் மக்கட் செல்வத்தைக் காத்தலேயாம். இவ்வுண்மையைத் தென்னாபிரிக்க நாட்டிலே தம் செயலால் நிலைநாட்டியவர் சேர் ஆணல்ட் தைலர் ஆவார்.

தைலர் 1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26ஆம் நாள் சுவிற்சர்லாந்து தேசத்தின் ஆர்கௌ மாநிலத்திலுள்ள பிரிக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பிரான்சு தைலர் அவ்வூர்ப் பாடசாலையில் ஆசிரியர். செல்வம் மிக்க குடும்பமன்று. ஆயினும் கல்வியின் அருமை அறிந்த குடும்பம். பிரிக்கில் தொடக்கக் கல்வியை முடித்த தைலர், மாநிலத்தின் தலைநகராகிய ஆராவ் நகரத்து மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். 1802ஆம் ஆண்டு தொடங்கிய பெருமை வாய்ந்த கல்லூரி அது. பிற்காலத்தில் அல்பேட் ஐன்ஸ்ரைன் என்னும் பேரறிஞரும் 1895, 1896ஆம் ஆண்டுகளில் அங்கேதான் பயின்றார்.

அந்நாளில் அக்கல்லூரியில் இயற்கை வரலாறு கற்பித்தவர் பிரீட்றிக் மூல்பேர்க் என்பவர். அவர் நிலநூலிலும் உயிர்நூலிலும் புகழ் பெற்ற அறிஞர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கல்லூரியிற் பணியாற்றிய ஆசிரியர். இத்தகைய ஆசிரியர் ஒருவரும், ஆசிரியராகிய தந்தையும் வாய்க்கப்பெற்ற மாணவன், பொருளைத் தன் கண்ணாற் கண்டு ஆராயும் பழக்கத்தை இளமையிலேயே பெறுதல் வியப்பன்று.

தைலர் கல்லூரியிற் கற்ற காலமும் ஒரு சிறப்பான காலம். 1881ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திலே லூயி பாஸ்ரர் ஆடுமாடுகளுக்கு வரும் அந்திராக்சு நோய்க்குத் தடுப்பூசி உண்டென்பதை ஊரறிய நிறுவினார். 1882இல் யேர்மனியில் றொபேட் கொக் என்பார் காசநோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1885இல் விசர்நாய்க் கடிக்குப் பாஸ்ரரின் தடுப்பு மருந்து மனிதருக்கு முதன்முதலிற் செலுத்தப்பட்டது. நோய் என்பது ஊழ்வினையோ தீய காற்றோ அன்று, கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரின் செயல் என்னும் புதுக்கொள்கை ஐரோப்பா முழுவதும் பரவிய காலம் அது. அக்கொள்கையின் முதற் சான்றுகளுட் பல ஆடு, மாடு, கோழி ஆகியவற்றினிடத்தே கிடைத்தவை என்பதும் கருதத்தக்கது.

கல்லூரியை விட்டபின் தைலர் பேர்ண் நகரிலும் சூரிச் நகரிலும் மிருக வைத்தியம் பயின்றார். மிருக வைத்தியக் கல்வி மாட்டுக் கொள்ளைநோயின் கொடுமையினாற் பிறந்த கல்வி என்பர். பிரான்சிலே குளோட் பூர்ஜலா என்பார் லியோன் நகரில் 1762ஆம் ஆண்டு திறந்த கல்விக்கூடமே உலகின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி. அதனைப் பின்பற்றி ஏனைய நாடுகளும் கல்லூரிகள் நிறுவின; சூரிச் நகரத்துக் கல்லூரி 1820இல் தோன்றியது. அங்கே தைலர் 1889ஆம் ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதில், மிருக வைத்தியராய்த் தேறினார்.

சான்றிதழ் கைக்கு வந்தவுடன் வாழ்வு மலர்ந்துவிடும் என்று மாணவர் எண்ணுவதுண்டு. தைலருக்கு அவ்வாறு நிகழவில்லை. சுவிற்சர்லாந்திலே பெரோமுன்ஸ்ரர் என்னும் ஊரிற் சிறிது காலம் தொழில் நடத்தினார். பின்னர் 1891ஆம் ஆண்டு, கடல் கடந்து, ஆபிரிக்காவின் தென்பாகத்திலே போயர் மக்கள் ஆண்ட திரான்சுவால் குடியரசின் தலைநகராகிய பிரிட்டோரியாவை அடைந்தார். அங்கே பொன் கண்டெடுத்துச் செல்வராவோர் பலர். அவரோ நோயுற்ற விலங்கைத் தேடிச் சென்றார். பெயரறியாத அயல்நாட்டு இளைஞரிடம் தம் குதிரையையும் மாட்டையும் ஒப்புவிப்பார் சிலரே. தொழிலில் வருவாய் போதாமையால், பிரிட்டோரியாவுக்கு அணித்தான ஐரீன் என்னும் பெரும்பண்ணையில் வேலைக்கு அமர்ந்தார். அப்பண்ணையிலேதான் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. பண்ணை இயந்திரம் ஒன்றினுள் அகப்பட்டு அவரது இடக்கை சிதைந்தது. அக்கையை வெட்டி நீக்க நேரிட்டது.

வெருண்ட குதிரையைப் பிடித்து நிறுத்தவும், ஈனமாட்டாது வருந்தும் பசுவின் கருவை வெளிப்படுத்தவும், கத்தி கொண்டு புண்ணைக் கீறவும் இரு கைகளும் வேண்டும் தொழில் அது. இருபத்தைந்து வயதளவில், தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கையில் பொருளின்றி, ஒரு கையுமின்றி நின்ற இளைஞரை மனக்கண்ணாற் காணுமின். அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் எவரும் பழி கூறியிரார். அவர் திரும்பவில்லை. கைவலிமையால் நடத்தும் தொழில் அரிதாகிவிட்டது. ஆயின் ஆராவிலும் சூரிச்சிலும் பயின்ற கண்ணும் கருத்தும் அவரிடம் குறைவின்றி இருந்தன. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து ஆராய்வதற்கு ஒரு கை தடையன்று. அவர் வாழ்வு அத்திசையிலே திரும்பியது.

1893ஆம் ஆண்டு யொகானஸ்பேர்க் நகரைச் சூழ்ந்த பொற்சுரங்கப் பகுதியிலே பெரியம்மை பரவிற்று. நெருங்கி வாழ்ந்த சுரங்கத் தொழிலாளரிடையே அந்நோய் பெருகுமாயின் விளையும் கேட்டுக்கு அளவில்லை. தடுப்புக்கு வேண்டிய அம்மைப்பால் கன்றுகளின் உடலிலே உண்டாக்கப்படுவது. கன்றின் இயல்பறிந்தவர் மிருக வைத்தியரன்றோ? தைலர் அம்மைப்பாலை அங்கேயே ஆக்கி உதவினார். அரசாங்கத்தார் அவரை முதன்முறையாக ஏறெடுத்துப் பார்த்தது அப்பொழுதுதான். மாட்டு வைத்தியர் என்று எண்ணப்பட்டவர் மனித உயிரைக் காக்கும் பணியாலே பெயர் பெற்றார் என்பது சிந்திக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே தம் நாட்டவராகிய எம்மா யெக்கே என்னும் பெண்மணியை மணம் புரிந்தார்.

மூன்றாண்டு கழிந்தது. ஆபிரிக்காவின் வடகிழக்கிலே முன்னரே நுழைந்திருந்த வெக்கை நோய், வழிநெடுக மாடுகளை மாய்த்துக்கொண்டு தெற்கு நோக்கி வந்து, 1896ஆம் ஆண்டு சம்பெசி ஆற்றைக் கடந்தது. ஆங்கிலேயர் றிண்டர்பெஸ்ற் என வழங்கும் அந்நோய், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் உண்டாக்கிச் சில நாட்களுக்குள் உயிரைக் கவர்வது. புதிதாய்ப் புகும் நாட்டிலே நூற்றுக்குத் தொண்ணூறு மாடு மடிவதும் உண்டு. புகைவண்டிப் பாதை எட்டாத இடங்களிலெல்லாம் எருதுகள் இழுக்கும் வண்டிகளே பண்டங்களைச் சுமந்த நாடு அது. எருது விழவே வண்டி நின்றது; வண்டி நிற்கவே உணவு நின்றது. மாட்டையே சீதனமாகவும் சேமிப்பாகவும் கொண்டிருந்த ஆபிரிக்கக் குடிமக்கள் ஒரு பருவத்துக்குள் ஏழைகளாயினர். தென்னாபிரிக்கப் பகுதிகளில் மட்டும் மாண்ட மாடுகள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டன.

குரூகர் அவர்களின் அரசாங்கம் தைலரை அரச மிருக வைத்தியராய் நியமித்தது. நோய் கண்ட மந்தையைச் சுட்டுக் கொல்வதும் எல்லையிலே வேலியடைப்பதுமே அதுகாறும் கையாண்ட வழிகள். அவை பயன் தரவில்லை. தைலரும், நேட்டால் மாநிலத்து மிருக வைத்தியராகிய வொட்கின்ஸ் பிற்ஸ்போட் என்பவரும் இணைந்து, நோயிலிருந்து தேறிய மாட்டின் குருதித் தெளிநீருக்கு ஏனைய மாடுகளைக் காக்கும் ஆற்றல் உண்டென்பதைச் சோதனைகளாற் கண்டனர். அதே வேளையில் உலகப் புகழ் பெற்ற கொக் அவர்கள் கிம்பர்லி நகருக்கு வருவிக்கப்பட்டு, நோயுற்று மாண்ட மாட்டின் பித்தநீரை ஊசிவழிச் செலுத்தும் முறையை 1897இல் வெளியிட்டார். பின்னர் நாளடைவில் தெளிநீர் முறையே மேலோங்கி நின்றது. சிற்றூர்ப் பாடசாலை ஆசிரியர் மகன், பண்ணையிலே கையை இழந்தவர், பேரறிஞர்கள் நடுவே தாமும் ஒருவராய் மதிக்கப்பட்டார்.

1899ஆம் ஆண்டு போயருக்கும் பிரித்தானியருக்கும் போர் மூண்டது. தைலர் போயர் படையின் பீரங்கிப் பிரிவிலே மிருக வைத்தியராய்ச் சேவை புரிந்தார். 1902இல் போயர் தோற்றனர். நாடு பிரித்தானியர் கைப்பட்டது. தோற்ற பக்கத்துக்கு உழைத்தவரைப் புதிய ஆட்சி விலக்கிவிடுவதே உலக வழக்கு. எனினும் தைலரின் அறிவு இன்றியமையாததாயிருந்தமையால், பிரித்தானிய ஆட்சியாளர் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர். நோய்க்குக் கட்சியில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

போரினால் அழிந்த மந்தைகளை நிரப்புதற்குக் கிழக்காபிரிக்காவிலிருந்து மாடுகள் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு ஒரு புதிய காய்ச்சலும் வந்தது. கிழக்குக் கரைக் காய்ச்சல் எனப்பட்ட அது, முன்னறிந்த உண்ணிக் காய்ச்சலே என்று பலர் மயங்கினர். தைலர் குருதியை நுணுக்குக்காட்டியிலே இடைவிடாது நோக்கி, அதனை உண்டாக்குவது வேறொரு நுண்ணிய ஒட்டுண்ணி என்று துணிந்தார். உண்ணிகளே அதனை மாட்டுக்கு மாடு கொண்டு செல்கின்றன என்பதும் தெளிவாயிற்று. ஆகவே குறித்த நாட்களுக்கு ஒருமுறை மருந்து கலந்த நீர்த்தொட்டியிலே மாடுகளை நீந்தவிட்டு உண்ணிகளை ஒழிக்கும் முறை நாடெங்கும் பரவியது. 1907ஆம் ஆண்டு போர்த்துக்கேய அறிஞர் மூவர் அவ்வொட்டுண்ணி இனத்துக்குத் தைலேரியா என்று அவர் பெயரையே சூட்டினர். இன்றும் உலகின் எம்மூலையில் மிருக வைத்தியம் கற்கும் மாணவனும் அப்பெயரைக் கல்லாது தேற இயலாது.

1908ஆம் ஆண்டு பிரிட்டோரியாவின் வடபால் ஒண்டெர்ஸ்டபூர்ட் என்னுமிடத்தே பெரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதனை அமைத்து வளர்த்தவர் தைலரே. அங்கே குதிரைகளைக் கொன்று வந்த ஆபிரிக்கக் குதிரைநோயையும், ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயையும் ஆராய்ந்து, அவற்றுக்குக் காப்பு முறைகளை வகுத்தார். 1910இல், மாட்டின் செங்குருதிக் கணங்களின் ஓரத்திலே தோன்றும் சிறு புள்ளிகள் தனியொரு நோயின் காரணி என்பதை வெளிப்படுத்தினார். அனாப்பிளாசுமா என்பது அதன் பெயர். அதன் கடுமை குறைந்த இனம் ஒன்றையும் பிரித்தறிந்து, அதனையே கடும் நோய்க்குக் காப்பாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். நூறாண்டுக்கு மேலாகியும் அக்காப்பு மருந்து சில நாடுகளில் வழக்கிலுள்ளது. 1914ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அவருக்குச் சேர் பட்டம் வழங்கியது.

அவர் செயல்களுட் சிறந்ததென யான் கருதுவது இனிக் கூறப்படுவது. தென்னாபிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலே முடநோய் என்று பொருள்படும் லம்சீக்ற என்னும் நோய் மாடுகளைக் கால்தளர்ந்து விழச்செய்து கொன்றது. நச்சுப்பூண்டே காரணம் எனப் பலர் எண்ணினர். தைலர் ஆண்டுக்கணக்காக அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார்; 1919ஆம் ஆண்டளவில், ஐம்பது வயது கடந்த நிலையிலும், விறைபேர்க் நகருக்கு அணித்தான பண்ணையொன்றிற் களநிலையம் அமைத்து மேய்ச்சல் மாடுகளை அவதானித்தார். மாடுகள் வெளியிற் கிடந்த பழைய எலும்புகளைக் கடித்து மென்றன. அவ்விழிந்த பசி ஏன் எழுந்தது? அந்நிலத்து மண்ணிலும் புல்லிலும் பொசுபரசு என்னும் சத்துக் குறைவு. அக்குறையை நிரப்பவே மாடு எலும்பை நாடியது. அழுகிய எலும்பிலும் பிணத்திலும் வளர்ந்த பற்றீரியாவின் நஞ்சே அதனைக் கொன்றது.

காரணம் தெரிந்தவுடன் பரிகாரம் எளிதாயிற்று. பிணங்களை அகற்றுதல் வேண்டும். தூய்மையாக்கிய எலும்புத்தூளை மாட்டுக்கு ஊட்டுதல் வேண்டும். எலும்புத்தூள் உண்ட மாடு பாழெலும்பை நாடவில்லை, நோயும் ஒழிந்தது, அதனோடு மாடும் கொழுத்துப் பாலும் பெருகிற்று. மண், புல், மாடு, நுண்ணுயிர் என்னும் நான்கினையும் ஒரே நூலிற் கோத்துக் கண்ட திறம் இது. ஆய்வுகூடத்துக்குள் மட்டும் அமர்ந்திருந்தவர்க்கு இது தோன்றியிராது. மேய்ச்சல் நிலத்திலே நின்று மாடு செய்வதை நோக்கியவர்க்கே தோன்றும்.

தாம் அறிந்தது தம்மோடு மாயாதிருக்க 1920ஆம் ஆண்டு ஒண்டெர்ஸ்டபூர்ட்டிலே மிருக வைத்திய பீடம் தொடங்கப்பட்டது. தைலரே அதன் முதற் பீடாதிபதி. அந்நாட்டிலேயே பயின்று தேறிய முதல் மிருக வைத்தியர்கள் 1924இல் வெளிவந்தனர். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. அந்நாட்டு நிறவேற்றுமைக் கொள்கையினால், மந்தை மேய்ப்பதிற் பரம்பரை அறிவு வாய்ந்த ஆபிரிக்கரின் பிள்ளைகளுக்கு அப்பீடத்தின் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. மாட்டை இழந்து மிகவும் வாடிய மக்களே அதனைக் காக்கும் கல்வியினின்றும் விலக்கப்பட்டனர். கல்விக் கதவை எவர்க்கும் அடையாதிருத்தலே ஒரு கல்லூரிக்கு அழகு என்பதை இக்குறையும் நமக்குப் புகட்டுகின்றது.

1927ஆம் ஆண்டு தைலர் ஓய்வு பெற்றார். ஆயின் ஆராய்ச்சியை விட்டாரல்லர். 1936ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் நாள் இலண்டன் நகரிலே காலமானார். அவர் மக்களும் தந்தை வழியே நடந்தனர். மகள் கேட்றூட் உண்ணிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலே உலகறிந்த புலமை பெற்றார். இளைய மகன் மாக்ஸ் தைலர் மஞ்சட் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கண்டு, 1951ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். மாட்டுநோயை ஆராய்ந்தவரின் இல்லத்திலே மனிதநோயை வென்றவர் வளர்ந்தார்.

இறுதியாக ஒரு செய்தியை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். மனித முயற்சியால் உலகினின்றும் அடியோடு ஒழிக்கப்பட்ட நோய்கள் இன்றுவரை இரண்டே. ஒன்று, 1980ஆம் ஆண்டு ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட பெரியம்மை. மற்றொன்று, 2011ஆம் ஆண்டு ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட வெக்கை நோய். முன்னது மனிதர்க்கு வருவது. பின்னது மாட்டுக்கு வருவது. ஒரு கையை இழந்த இளைஞர் தம் பணியைத் தொடங்கிய பொழுது எதிர்த்து நின்ற முதலிரு நோய்களும் இவையே. அவ்வெற்றி அவர் ஒருவருடையதன்று. எண்ணற்றோர் பல நாடுகளிலே நூறாண்டாய் உழைத்த உழைப்பின் பயன். எனினும் அவ்வரிசையின் தொடக்கத்தில் நின்றோருள் ஒருவர் என்னும் பெருமை அவர்க்கு என்றும் உரியது.

மாணவர்களே, கன்றை இழந்த பசுவின் முறை கேட்டு நீதி வழங்கிய வேந்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். வாயில்லாப் பிராணியின் துயரைக் கேட்டல் அறம் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அத்துயரின் காரணத்தைக் கண்டறிந்து தீர்க்கும் கல்வி இன்று நம் நாட்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நம் ஊர்களிலே ஒரு பசுவின் பாலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இன்றும் பல. அப்பசு நோயுற்று வீழுங்கால், கற்றவன் ஒருவன் அக்கொட்டிலின் வாயிலிலே வந்து நிற்பானாயின், அவ்வீட்டார்க்கு அவன் எவ்வைத்தியனுக்கும் குறைந்தவனல்லன். உங்களுள் எவனேனும் அவ்வழியைத் தெரிவானாயின், பெற்றோரும் ஆசிரியரும் அவனைத் தயங்காது வாழ்த்தி அனுப்புவாராக.